பேசுகிற சிடி

12.7.2008

இன்றைக்கு அவர் என்னிடம் பேசினார். கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துவிட்டது, அதனால்.

எங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆம்பளைக் குரல் இருக்கிறது. திரையில் வருவதையெல்லாம் இங்கிலீஷில் படிக்கும். மூக்கடைத்த ஒருத்தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டே பேசுவது மாதிரி இருக்கும். எனக்குக் கேட்டால் ஒரு வார்த்தை பிடிபடாது, எழுத்தாக இருந்தால் கூட்டிப் படித்துவிடுவேன். அவர் பாலிடெக்னிக் படித்தவர், அவருக்கு எல்லாம் புரியும். பார்வை போன பிறகு அந்தக் குரலை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார். ஆனால் சும்மா இருக்க மாட்டார். உள்ளே எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் குரல் நின்றுவிடும். அப்புறம் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றுகிற சிடிக்கு வாய் கிடையாது. அது கேட்கிற கேள்வியெல்லாம் எழுத்தாக வந்து நிற்கும். பார்த்துப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

“பானு. வந்து உக்காரு.”

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

“என்ன கேக்குது?”

“மணி வைக்க எந்த ஊருன்னு கேக்குது. கல்கத்தான்னு போட்டிருக்கு.”

“அதே இருக்கட்டும். இப்ப?”

“கீபோர்டு படம் காட்டுது.”

“மேல என்ன எழுதியிருக்கு? அவசரப்படாம எழுத்து எழுத்தாச் சொல்லு.”

சொன்னேன். ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கிற இடம் வந்ததும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அங்கே தப்பான வரியில் தட்டினால் அவர் சேர்த்துவைத்தது பூராவும் அழிந்துவிடும். மதுரையில் அவர் பயிற்சி எடுத்த பார்வையற்றோர் மையத்துக்காகப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறார், புதிதாக வருகிறவர்கள் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிற மாதிரி. எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

“முழு டிஸ்க்கையும் அழிக்கவான்னு மேல ஒரு வரி. நாமளே பிரிச்சுக்கிறதுன்னு கீழ ஒரு வரி.”

“கலர் எது மேல விழுந்திருக்கு?”

“மேல உள்ளதுல.”

“ஐயோ. கீழ எறக்குறேன், பாத்துக்கிட்டே இரு.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் விலக்கவில்லை.

சாயங்காலம் குரல் திரும்பி வந்தது. அவர் முகமும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

16.7.2008

ம். சரி. வேண்டாம்.

இன்றைக்கு அவர் பேசியது இவ்வளவுதான்.

20.7.2008

ஊருக்கு வெளியே எங்கோ சோதனை வெடி போட்டார்கள். அவர் கையிலிருந்த காபி கவிழ்ந்தது. நான் துணியை எடுத்துக்கொண்டு போனேன். “விடு, நான் தொடைச்சுக்கிறேன்” என்று சொல்லித் தரையைத் தடவிக்கொண்டே இருந்தார். காபி வேறு பக்கம் ஓடியிருந்தது. நான் சொல்லவில்லை. அவர் உள்ளே போன பிறகு துடைத்தேன்.

விபத்து நடந்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில், பட்டாசுக் கம்பெனியில், அவர் போர்மேன். மருந்து கலக்கிற ரூமில் வெடித்துத் தீப்பிடித்ததும் எல்லாரும் வெளியே ஓட, இவர் உள்ளே ஓடினார். உள்ளே கிடந்த பெண்களை இழுத்து வெளியே போட்டுவிட்டு இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபோதுதான் இரண்டாவது தரம் வெடித்தது. முகத்தில் பெரிய தழும்புகூட இல்லை. கண் மட்டும் போயிற்று. பேச்சும் போயிற்று.

அதற்கு முன்னால் எப்படிப் பேசுவார்! லோடு லாரி டிரைவர் மாதிரி நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நானும் பட்டாசு வேலைக்குப் போவதை விட்டேன். ஏழாயிரம்பண்ணையை விட்டு இங்கே திருத்தங்கலுக்கு வந்தோம். கம்ப்யூட்டர், மதுரை மையத்துக்காரர்கள் கொடுத்தது. விண்டோஸுக்கு வருகிற, திரையைப் படிக்கும் சாப்ட்வேர் நாம் நினைத்துப் பார்க்க முடியாத விலை. லினக்ஸில் அது இலவசம். அப்படித்தான் அந்தக் குரல் எங்கள் வீட்டுக்கு வந்தது. நாள் பூராவும் அவர் காதுக்குள் அது பேசுகிறது. இரண்டு பேருக்குமாக அது ஒன்றே பேசிவிடுகிறது.

10.8.2008

அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மகனுக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்கள்.

“ஒனக்கென்ன தாயி. வெயில் படாம, மருந்து நெடி படாம இருக்க. ஒரு பிள்ளையப் பெத்துக்கிட்டா அவனும் சிரிச்சிருவான்.”

பிள்ளை பெறுவதற்கு முதலில் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்க வேண்டும் அத்தை. நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். வாய்வரை வந்தது. குழம்பைக் கிண்டினேன்.

29.8.2008

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. அது கெட்டுப்போகாதா என்று இருக்கிறது எனக்கு. தூசி தட்டும்போது வயரை லேசாக இழுத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். சீ. என்ன பொம்பளை நான்.

6.9.2008

எங்கள் வீட்டில் நெட் கிடையாது. லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிற மெயில்களை ராம்குமாரின் பிரவுசிங் சென்டரில் பென் டிரைவில் வாங்கி வருவேன். அவர் வீட்டில் கேட்பார். பதில் எழுதித் தருவதை நான் கொண்டுபோய் அனுப்பச் சொல்வேன். இன்றைக்குப் போனபோது ராம்குமார் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“உங்க வீட்டுக்காரர்ட்ட உடனே சொல்லுங்க. அடுத்த வெர்ஷன்ல இன்ஸ்டாலரையே மாத்துறாங்க. ஏத்துற சிடியே பேசப்போகுதாம். மொத ஸ்கிரீன்ல இருந்து குரல் வருமாம். கண்ணு தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருக்கவே வேணாமாம்.”

“நல்லதுங்க” என்றேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய்விட்டது, கேட்டைத் திறந்துவிட்டார்கள், நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். பின்னால் ஒரு டிவிஎஸ் பிப்டிக்காரன் கத்திய பிறகுதான் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? மெயிலில் வந்தால் அந்தக் குரலே படித்துவிடும்.

சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் பல்லை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். “நெசமாவா? மொத ஸ்கிரீன்ல இருந்தேவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என்னைத்தான் கேட்டார். ஆனால் சந்தோஷம் எதற்கு? இனிமேல் என்னைக் கேட்க வேண்டாம் என்பதற்கு.

14.9.2008

சோதனைப் பதிப்பை ராம்குமார் சிடியில் ஏற்றித் தந்திருந்தார். இன்னும் முடியாத சரக்கு, தப்பு இருந்தால் எழுதுங்கள் என்று அதைச் செய்கிறவர்களே கேட்டிருக்கிறார்களாம். பாடங்களையெல்லாம் முதலில் வேறு சிடிக்கு மாற்றிவைத்துக்கொண்டார்.

“நீ அங்கனயே இரு. நானே பாக்குறேன்.”

அடுப்படி வாசலில் நின்றேன். பேசியது. அந்த மூக்கடைப்புக் குரல் முதலிலிருந்தே பேசியது. ஊர் கேட்டது, கீபோர்டு கேட்டது. அவர் விரல் தட்டத் தட்ட அடுத்தடுத்து நகர்ந்தது. என் வேலை என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது, நான் இல்லாமல்.

டிஸ்க்கைப் பிரிக்கிற இடத்தில் குரல் நின்றது.

அவர் காத்திருந்தார். ஏதோ ஒரு சாவியைத் தட்டினார். மறுபடி காத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ரொம்ப நேரம் கழித்து, “பானு. வந்து பாரு. என்ன நிக்குது?”

பார்த்தேன். திரையில் பெரிய பெட்டி ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் வலது ஓரத்தில் இன்னொரு சின்னப் பெட்டியின் விளிம்பு மட்டும் தெரிந்தது, கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆளின் சேலை நுனி மாதிரி. அந்தச் சின்னப் பெட்டிதான் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறது. பெரியது மறைத்துக்கொண்டிருக்கிறது.

“டிஸ்க் படம்தான் நிக்குது” என்றேன்.

“வேற?”

“வேற ஒண்ணும் தெரியல.”

கரண்ட் போயிற்று. அவருக்கு இருட்டு தெரியாது. பேன் சத்தம் நின்றதில்தான் தெரிந்திருக்கும். இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். “இன்னும் பழுக்கல போல. இத நம்பி எறங்க முடியாது. பழைய சிடியே இருக்கட்டும்” என்று எழுந்துகொண்டார்.

பழைய சிடி. ஊமைச் சிடி. எனக்கு மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. அதை எழுதவே கை கூசுகிறது.

17.9.2008

இரண்டு வேளையாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரைப் போடவுமில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஜெயித்துவிட்டேனா? இதுவா ஜெயிப்பது?

18.9.2008

சொல்லிவிட்டேன். தோசையை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். “அன்னைக்குப் பின்னால ஒரு பெட்டி இருந்துச்சுங்க. ஓரம் மட்டும் தெரிஞ்சுச்சு. அதுதான் ஏதோ கேட்டுக்கிட்டு நின்னுருக்கும்னு நினைக்கேன்.”

“அன்னைக்கு ஏன் சொல்லல?”

திட்டுவார் என்று நின்றேன். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

“வா. இன்னொருக்கா ஓட்டுவோம். அந்த எடம் வந்ததும் நீ பாக்கிற அம்புட்டையும் சொல்லு. ஒண்ணு விடாதே.”

அப்புறம் ஒரே பேச்சுதான். பெட்டி எந்தப் பக்கம்? எவ்வளவு ஓரம்? அது வந்தபிறகு குரல் நின்றதா, குரல் நின்றபிறகு அது வந்ததா? பெரிய பெட்டியை நகர்த்தினால் என்ன எழுதியிருக்கிறது? அதில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தேன். இந்தப் பிரிவை அழிக்கப்போகிறேன், சரியா என்பதுதான் கேள்வியாம். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கேக்காம என்டரத் தட்டியிருந்தா எல்லாம் போயிருக்கும் பானு. இது எனக்கு மட்டுமில்ல. எந்த ஊருல எந்தக் கண்ணில்லாதவன் தட்டினாலும் போயிருக்கும்.”

இதை எழுதி அனுப்ப வேண்டும் என்றார். நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் தட்டினார். கடைசியில் ஒரு வரி தட்டிவிட்டு, “ஒம் பேரையும் போட்டிருக்கேன். பார்த்துச் சொன்னது பானுப்பிரியான்னு” என்றார்.

திரையில் பார்த்தேன். என் பெயர் இங்கிலீஷில் நீளமாக இருக்கிறது. ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை.

26.9.2008

வெளிநாட்டிலிருந்து பதில் வந்துவிட்டது. யாரோ ஒரு பெரிய ஆள். நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன், எனக்கும் அதே மாதிரி ஆகிறது, நாங்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை, உங்கள் இருவருக்கும் நன்றி என்று எழுதியிருக்கிறார். திருத்திவிடுவார்களாம்.

ராம்குமார் படித்துக் காட்டினார். “இருவருக்கும்” என்பதை நான் இரண்டாம் தரம் படிக்கச் சொன்னேன்.

12.10.2008

அடுத்த சோதனை சிடி. சின்னப் பெட்டி இப்போது முன்னால் வருகிறது. குரல் படிக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் பொத்தானின் பெயரைச் சொல்லாமல் விட்டது. அதையும் பார்த்துச் சொன்னேன், அவர் எழுதினார்.

இந்த ஒரு மாதமாகத்தான் எங்களுக்குள் பேச்சு இருக்கிறது. என் வாயாலேயே அதற்குக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன். தோண்டாமலும் இருக்க முடியவில்லை.

27.10.2008

தீபாவளி. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதுச் சட்டையை நாற்காலியில் வைத்தேன். தொடவில்லை. இந்த ஊருக்குப் பட்டாசுதான் சம்பாத்தியம், எல்லார் வீட்டிலும் சிரிப்பு. நான் தெருவில் நிற்கவும் முடியாமல் உள்ளே இருக்கவும் முடியாமல் பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அதிரசத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றேன்.

9.11.2008

முழுதாக முடித்த பதிப்பு வந்துவிட்டது. சிடியைக் கையில் கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் கிளம்பினேன். இன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிற நாளே இல்லை. அடுத்த தெருக் குழாயில், கூட்டத்தில் கடைசியாகப் போய் நின்றேன். நடுவில் நுழைந்தவர்களைக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி.

“பானு, முடிஞ்சிருச்சு. யாருமில்லாம நானே ஏத்திட்டேன். பாடம் அம்புட்டும் அப்படியே இருக்கு.”

“ரொம்ப நல்லதுங்க.”

குடத்தை இறக்கிவைத்தேன். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது, அந்த முகத்தைப் பார்க்க. பிறகு அடுப்படியில் போய் வாயைப் பொத்திக்கொண்டேன்.

15.11.2008

ஒரு வாரம். எண்ணிப் பார்த்தால் அவர் பேசியது இருபது வார்த்தை தேறாது.

இன்றைக்கு என்னால் முடியவில்லை. தட்டைக் கீழே போட்டேன், வேண்டுமென்றேதான்.

“இனி நான் எதுக்குங்க இந்த வீட்டுல? சோறு பொங்கவா? அதுக்கும் ஒரு சிடி வந்தா என்னயக் கொண்டுபோய் எங்க அம்மா வீட்டுல விட்டுருவீகளா?”

ஹெட்போனைக் கழற்றினார். உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வருகிறார் என்று நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

24.11.2008

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரஸ்ஸில் ஆள் வேண்டும் என்று பலகை தொங்கிற்று. நேராக உள்ளே போய்விட்டேன். ஆபீஸைப் பார்த்துக்கொள்வது முதலாளி வீட்டம்மா, சொர்ணலட்சுமி. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்கள்.

“கம்ப்யூட்டர் தெரியுமா?”

“ஸ்கிரீன்ல இருக்கிறத ஒரு எழுத்து விடாமப் பாப்பேன்மா. தட்டுறது மெதுவாத்தான் வரும்.”

“தட்டுறதுக்கு ஆள் இருக்கு. லேபிள் அச்சுக்குப் போறதுக்கு முன்னால தப்புப் பாக்கத்தான் ஆள் இல்ல. நாளைக்கு வந்துருங்க.”

வீட்டில் சொன்னேன். “போ. நல்லதுதான்” என்றார். எனக்காகச் சொன்னாரா, வீடு காலியாக இருக்கட்டும் என்று சொன்னாரா?

20.12.2008

மதுரை மையத்தில் அவரையே பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். லினக்ஸைத் தானாக ஏற்றிக்கொள்ளப் பார்வையில்லாதவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமாம். பொங்கல் கழித்துப் போக வேண்டும். அங்கேயே தங்கல், சனி ஞாயிறுதான் வீடு.

“ஒனக்குச் சரிதான?” என்று கேட்டார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. ‘இல்லை’ என்று சொல்ல ஒரு காரணம் வேண்டாமா?

18.1.2009

பஸ் ஏற்றிவிட்டேன். பையைக் கையில் கொடுத்தபோது அவர் விரல் என் வளையலில் பட்டு அங்கேயே நின்றது. “போய்ட்டு வாரேன்.” கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. நேராகப் பார்த்துக்கொண்டு போனார். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். பஸ் பாதி வழி தாண்டியிருக்கும் நேரத்தில்தான் எனக்கு அது தோன்றியது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த மூக்கடைப்பன் ஏதோ சொன்னான். அணைத்துவிட்டேன்.

22.1.2009

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிரஸ் முற்றத்தில் டிபனைத் திறந்து உட்கார்ந்தேன். போன் அடித்தது. அவர். வேலை நேரத்தில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“எதையும் விட்டுட்டுப் போயிட்டீகளா? கொடுத்துவிடவா?”

“இல்ல.”

“பெறகு?”

“சும்மாதான் கூப்பிட்டேன்.”

அவரே பேசினார். மையத்துச் சாம்பாரில் புளி தூக்கலாக இருக்கிறதாம். வகுப்பில் காரியாபட்டிக்காரர் ஒருத்தர், ஐம்பது வயசு, பெயர் வெள்ளைத்துரை. சிடி பேசியதும், “யாருய்யா உள்ள?” என்று கேட்டாராம். வெள்ளைத்துரை மாதிரியே பேசிக் காட்டினார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்.  

“பானு. வீட்டுல ஒன்னியக் கூப்பிட வாயத் தொறந்தாலே ஏதாவது கேக்கிறதாத்தான் இருக்கும். அதப் படி, இத எடு, செருப்பு எங்கன்னு. எனக்கே கேவலமா இருக்கும். அதான் வாயவே தொறக்கல. அன்னைக்குத் தட்ட எறிஞ்சியே, அன்னைக்கே சொல்லணும்னு பாத்தேன். வரல.”

டிபன் மூடியை மூடினேன். திறந்தேன்.

“அங்க என்ன சத்தம்?” என்றார்.

“மிஷினு. லேபிள் ஓடுது.”

“என்ன லேபிளு?”

“செவப்புல மயிலு. தோகையில ஒரு பச்சை சரியா விழல, காலையில நாந்தான் பாத்து நிப்பாட்டினேன்.”

“எங்கன விழல? சொல்லு.”

சொன்னேன். கடைசி இறகிலிருந்து ஒவ்வொன்றாக. உள்ளே ஆட்கள் வேலைக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள்.

“வைக்கட்டுமாங்க?”

“கூப்பிட்டுட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப இரு.”

இருந்தேன்.